சாட்சியில் சொல்லாமல் விட்டது

அந்தக் கட்டட வேலையிடத்தில் 'வசனக்காரர் எங்கே?' என்று கேட்டால், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். மேலே கையைக் காட்டுவார்கள். அறுபது மீட்டர் உயரத்தில், கிரேன் கேபினுக்குள், இரண்டு பக்கமும் இரண்டு லீவர்களைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். பதினெட்டு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவர். ஆனால் அவருக்குப் பேர் வந்தது கிரேனால் இல்லை, வாயால். எவன் வந்து எதைச் சொல்லிப் புலம்பினாலும் அதற்கு ஒரு வேதவசனம் அவர் நாக்கு நுனியில் தயாராக நிற்கும்.

ஒருமுறை ஒருவன் பல் வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். "அழுகையும் பற்கடிப்பும் எங்கன்னு தெரியுமாடா உனக்கு?" என்று ஆரம்பித்தவர், சாப்பாட்டு இடைவேளை முழுக்க நரகத்தை விவரித்து முடித்தார். பல் வலி போனதோ இல்லையோ, அவன் அடுத்த முறை நேராகப் பல் டாக்டரிடமே போனான். இருந்தாலும் மனுஷன் மேல் யாருக்கும் கோபம் கிடையாது. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாக ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர் அவர். வசனம் சொல்லி அறுத்தாலும் கூடவே வெந்நீர் குடுவையும் கொண்டுவருவார்.

இப்படி ஊராருடைய பயத்துக்கெல்லாம் மருந்து வைத்திருந்தவருக்கு, பதினான்கு வாரமாகத் தன் பயத்துக்கு ஒரு மருந்தும் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். அவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. பதினான்கு வாரத்தில் நான்கு தடவை. மயங்கி விழுவது இல்லை, கண்ணை மூடுவதுகூட இல்லை. உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருக்கும், கண் திறந்தபடி இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். ஏழெட்டு நொடி. முதலில் ஆணியைச் சப்பியது போல வாயில் ஒரு இரும்புச் சுவை வரும். அப்புறம் ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது கை லீவரை இறுக்கிப் பிடித்திருக்கும், கொக்கியில் தொங்குகிற சுமை வேறு எங்கோ போயிருக்கும்.

அது பழைய கிரேன். லீவரை விட்டால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், சுமை நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் கை பிடித்தபடியே விறைத்துப்போனால் அது போய்க்கொண்டே இருக்கும். யாருடைய தலை குறுக்கே நிற்கிறது என்று இரும்புக்குத் தெரியுமா?

முதல் தடவை நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். ஏழாம் தளத்துக்குக் கான்கிரீட் போய்க்கொண்டிருந்தது. கான்கிரீட் வாளி என்றால் குளியலறை வாளி இல்லை. ஆள் உயரம், உள்ளே இரண்டு டன் ஈரக் கலவை. தளத்தில் நின்று வாக்கி-டாக்கியில் வழி சொல்கிற வேலை அவருடைய மைத்துனனுக்கு. அதாவது மனைவியின் தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். "நிறுத்துங்க மச்சான்... மச்சான், நிறுத்துங்க... ஐயோ, நிறுத்துங்க!" என்று அவன் மூன்று முறை கத்தியிருக்கிறான். வசனக்காரருக்கு மூன்றாவது மட்டும்தான் கேட்டது. அதற்குள் வாளி, தூண் பக்கத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஒருவரின் முதுகுக்கு மேலே உரசிக்கொண்டு போயிருந்தது. சரியாக அந்த நேரத்தில் அந்தக் கம்பிக்காரர் கீழே விழுந்த தன் கம்பி முறுக்குகிற கொறட்டை எடுக்கக் குனிந்தார். ஹெல்மெட் மட்டும் பறந்தது. நிமிர்ந்து நின்றிருந்தால் தலையே பறந்திருக்கும்.

வசனக்காரர் அன்று இருநூற்றுப் பத்துப் படியையும் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கீழே வந்ததும் எல்லோரும் சுற்றி நின்று "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்றார்கள். உண்மை தொண்டை வரை வந்தது. வாய் திறந்தபோது வந்தது வேறு.

"காத்து அடிச்சிருச்சுப்பா. திடீர்னு அடிச்சிருச்சு."

அதோடு விட்டாரா? அதுதான் இல்லை. பேய் அறைந்தது போல நின்றிருந்த கம்பிக்காரரைக் கட்டிப்பிடித்து, "கர்த்தர்தான்யா உன்னைக் குனிய வெச்சார்!" என்றார். சொல்லும்போது கண்ணீர் உண்மையாகவே வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து அதையே சாட்சியாகச் சொன்னார். காற்று, வாளி, கொறடு, குனிந்த தலை எல்லாவற்றையும் சொன்னார். சபையே "ஸ்தோத்திரம்" என்று முழங்கியது. போதகர் மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் கம்பிக்காரர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அதே சபைக்கு வந்து நின்றார். அதுவரை எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காத மனுஷன். அன்றிலிருந்து ஒரு வாரம் தப்பாமல் முன் வரிசை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இதோ, இந்த அண்ணன் சொல்லித்தான் எனக்கே புரிஞ்சது, என்னைக் குனிய வெச்சது யாருன்னு" என்று வசனக்காரரைக் காட்டுவார். காட்டும் ஒவ்வொரு முறையும் வசனக்காரர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். போனார், ஆனால் வேறு காரியமாக. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் உடற்தகுதிப் பரிசோதனை உண்டு. இரண்டாவது தடவை நினைவு தப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. படிவத்தில் கேட்டிருந்தார்கள்: தலைசுற்றல், வலிப்பு, நினைவு தப்புதல் உண்டா? 'உண்டு' என்று எழுதினால் அதோடு சரி, ஆயுசுக்கும் கேபின் ஏற முடியாது. அவருக்கோ வேறு வேலை தெரியாது. மகள் கல்லூரியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பொய்யைவிடப் பெரிய கோளாறு ஒன்று அவர் மண்டைக்குள் இருந்தது. விசுவாசி பயப்படக் கூடாது என்று அவர் நம்பினார். பயப்படாதே, பயப்படாதே என்று வேதம் எத்தனை இடத்தில் சொல்கிறது! அப்படியானால் பயப்படுவது கீழ்ப்படியாமை, அவிசுவாசம், பாவம். நினைவு தப்புவதை அவர் வியாதியாக நினைக்கவில்லை. தன் விசுவாசத்துக்கு வந்த சோதனை என்று நினைத்தார். தாண்டிவிட்டால் ஜெயம். அதனால்தான் கேபின் கண்ணாடியில், கண்ணுக்கு நேரே, வேதத்தில் உள்ள ஒரு சங்கீதப் பாட்டிலிருந்து இரண்டு வசனங்களைத் தன் கையால் எழுதி ஒட்டியிருந்தார். தூதர்களுக்குக் கட்டளை கொடுக்கப்பட்டிருக்கிறது. கால் கல்லில் மோதாதபடி அவர்கள் கைகளில் ஏந்திக்கொள்வார்கள். காலையில் படி ஏறும்போது ஒரு படிக்கு ஒரு வார்த்தையாக அதைச் சொல்லிக்கொண்டே ஏறுவார். சொல்லச் சொல்லப் பயம் கூடும். கூடக் கூடச் சத்தமாகச் சொல்லுவார்.

நான்காவது தடவைக்கு அப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எச்சில் விழுங்கினாலே இரும்புச் சுவை வருகிறதோ என்று நாக்கைத் துழாவிப் பார்த்துக்கொள்வார். ஸ்பூனை வாயில் வைக்கப் பயந்து, கையாலேயே எல்லாவற்றையும் சாப்பிட ஆரம்பித்தார். மனைவி கவனித்தாள். தையல் கம்பெனியில் நாள் முழுக்க ஊசிக் கண்ணைப் பார்க்கிறவள், புருஷன் முகத்தைப் பார்க்கத் தெரியாதவளா? "என்னங்க, பத்து நாளா ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, வேலை ஜாஸ்தி" என்றார். அவள் அதற்கு மேல் தோண்டவில்லை. ஆனால் நம்பவும் இல்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். காலை ஐந்து மணிக்குச் சமையலறை மேசையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்து வேதம் வாசிப்பார்கள். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று ஒரு அதிகாரம். ஆளுக்கு ஒரு வசனம், வரிசையாக. மனைவி ஆரம்பிப்பாள், அடுத்து மகள், மூன்றாவது அவர். இன்ன அதிகாரம் என்று யாரும் தேர்ந்தெடுப்பது கிடையாது. வருவது வரட்டும் என்று வாசிப்பார்கள்.

அந்தப் புதன்கிழமை வந்தது, இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்படுகிற பகுதி. அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

மனைவி முதல் வசனம் வாசித்தாள். மகள் கொட்டாவியோடு இரண்டாவதை வாசித்தாள். மூன்றாவது அவருக்கு. கல்லுகளை அப்பமாக்கச் சொல்லிச் சோதனைக்காரன் பேசுகிற வசனம். வாசித்தார். அதற்கு இயேசு சொன்ன பதில் மனைவிக்கு வந்தது. மகள் ஐந்தாவதை வாசித்தாள்: பிசாசு அவரைக் கொண்டுபோய்த் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தினான்.

ஆறாவது வசனம். புத்தகத்தைப் பார்க்கவே அவருக்கு அவசியம் இல்லை. வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. நீர் தேவனுடைய குமாரனானால் கீழே குதியும். ஏனென்றால் எழுதியிருக்கிறதே, தூதர்களுக்குக் கட்டளை கொடுத்திருக்கிறார், அவர்கள் உம்மைக் கைகளில்...

அங்கே நின்றுவிட்டார்.

நூறு தடவை வாசித்த அதிகாரம்தான். ஆனால் இந்த மூன்றரை மாதமாக ஒவ்வொரு படியிலும் தான் முணுமுணுத்துக்கொண்டு ஏறிய வார்த்தைகளை, உச்சியில் நின்றுகொண்டு, இதே ராகத்தில், எவன் சொல்லுகிறான் என்று இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. சொல்லுகிறவனும் வேதத்திலிருந்துதான் எடுத்துச் சொல்லுகிறான். ஒரு எழுத்து பிசகவில்லை.

"என்னப்பா, மறந்துபோச்சா? உங்களுக்கா?" என்றாள் மகள். அப்புறம் தூக்கம் கலைந்து சிரித்தாள். "அம்மா, இங்க பாரேன். மூணு, ஆறு, ஒன்பது. பிசாசு பேசுற வசனம் எல்லாமே இன்னைக்கு அப்பாவுக்குத்தான் வருது! நாலு, ஏழு, பத்து, இயேசு பேசுறதெல்லாம் உனக்கு. நான் நடுவுல கதை சொல்ற ஆளு."

"வாசிக்கிறப்ப என்னடி சிரிப்பு?" என்று அதட்டிவிட்டு மனைவி ஏழாவதை வாசித்தாள். உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்று அதுவும் எழுதியிருக்கிறது. நிதானமாக, எப்போதும் போலத்தான் வாசித்தாள். வாசித்து முடித்துத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னங்க? உடம்பு சரியில்லையா?"

அவருக்கு அந்த நிமிஷம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் "நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். ஒன்பதாவது வசனத்தை மகளே வாசித்து முடித்தாள்.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? வேலைக்குத்தான் போனார். பயம் அப்படிப்பட்டது, தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவே அது குறுக்கே படுத்துக்கொள்ளும். வழியெல்லாம், 'சாயங்காலம் சொல்லிவிடுகிறேன் ஆண்டவரே, இன்றைக்கு ஒரு நாள்' என்று பேரம் பேசிக்கொண்டே போனார். படி ஏறும்போது அன்று வாய் எதையும் சொல்லவில்லை. கேபினில் உட்கார்ந்ததும் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் திணித்தார். அந்த இடம் வெறுமையாக ஆனதும் கீழே இருக்கிறவர்கள் பளிச்சென்று தெரிந்தார்கள். எட்டாம் தளத்தில் கம்பிக்காரரும் அவருடைய ஆட்கள் ஆறு பேரும் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு மைத்துனன் குரல் வந்தது. "மச்சான், படிக்கட்டுத் துண்டு ஒண்ணு எட்டாவதுக்குப் போகணும். மூணு டன். மெதுவா வாங்க."

தயாராக வார்த்த கான்கிரீட் படிக்கட்டு. தூக்கினார். தரையை விட்டு எழும்பியது, நாலாம் தளம் தாண்டியது, ஆறு தாண்டியது. இடது லீவரை நகர்த்தினார். கிரேனின் கை மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. இன்னும் பத்து மீட்டர் போனால் கம்பிக்காரரின் ஆட்கள் இருக்கும் இடத்துக்கு மேலே வரும்.

அப்போது வாயில் இரும்பு வந்தது.

பிரமையா, நிஜமா? நாக்கைத் துழாவினார். நிஜம். நாலைந்து நொடிதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒன்றுமே இல்லை என்று சொல்லு, விசுவாசமாயிரு, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று உள்ளே ஒரு குரல். குரலின் ராகம் அவருக்குக் காலையிலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு லீவரையும் நெருப்பைத் தொட்டவர் போல விட்டார். வாக்கி-டாக்கியைப் பிடித்து, "எட்டாவது மாடியில எல்லாரும் ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்தினார். கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

திரும்பி வந்தபோது முதலில் தெரிந்தது காலுக்குக் கீழே இருந்த கண்ணாடி. அதன் வழியே படிக்கட்டுத் துண்டு நின்ற இடத்திலேயே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எட்டாம் தளத்தில் ஒரு ஆள் இல்லை. கொறடுகளும் கம்பிச் சுருள்களும் போட்டது போட்டபடி கிடந்தன. கைகள் இன்னும் தொடைக்கு அடியில்தான் இருந்தன. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது.

"மச்சான்." மைத்துனன் குரல். "மச்சான், நாலாம் சேனலுக்கு வாங்க."

பொதுச் சேனலில் வேலையிடம் முழுக்கக் கேட்கும். நாலாம் சேனல் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும். இடது கையை மட்டும் வெளியே எடுத்து மாற்றினார்.

"திரும்பி வந்துட்டீங்களா?"

"டேய்... உனக்குத் தெரியுமா?"

"மூணாவது தடவையே தெரியும். நான் என்ன குருடனா? ரெண்டு மாசமா உங்க கொக்கி போற வழியில ஒரு ஆளையும் விடாம, கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு நிக்கிறேன். இன்னைக்குத்தான் ஒரு நிமிஷம் அசந்துட்டேன்." அவன் குரல் நடுங்கியது. அந்த வேலையிடத்திலேயே பெரிய வாயாடி அவன். அவன் குரல் நடுங்கி அவர் கேட்டதில்லை. "கேளுங்க. பலத்த காத்துன்னு சொல்லி வெச்சிருக்கேன். எல்லாரும் நம்பிட்டாங்க. இனி இன்னைக்கு உங்களுக்கு வராது, இதுவரைக்கும் ஒரே நாள்ல ரெண்டு தடவை வந்ததில்ல. மெதுவா இறக்கிட்டு வாங்க. வயித்து வலின்னு லீவு போடுங்க. சத்தமில்லாம டாக்டரைப் பாப்போம்."

"பொய்யாடா?"

"நீங்க சொல்லாததா? பொய்யோ என்னவோ, அக்கா தெருவுல நிக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். யோசிக்காதீங்க மச்சான். லீவரைப் பிடிங்க."

அவன் சொன்னதில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு நாளில் இரண்டு தடவை வந்ததே இல்லை. ஐந்து நிமிஷ வேலை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வலது கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து லீவருக்குக் கிட்டே கொண்டுபோனார். இந்தப் பையனுக்கு அவர் மேல் இருப்பது வெறும் பாசம். பாசம் கூப்பிடும்போது மறுப்பதுதான் எவ்வளவு கஷ்டம்! பிசாசே நேரில் வந்திருந்தால் துரத்திவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்குப் பயமா இருக்கு ஆண்டவரே" என்றார் சத்தமாக.

அவ்வளவுதான் ஜெபம். வசனம் ஒன்றும் சேர்க்கவில்லை. மூன்றரை மாதத்தில் அவர் சொன்ன முதல் உண்மையான ஜெபம் அது. சொன்னதும் பயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அதைப் பாவம் என்று மறைக்க வேண்டியிருக்கவில்லை. பயப்பட வேண்டிய இடத்தில்தானே பயப்படுகிறோம் என்று இருந்தது. கையை மறுபடி தொடைக்கு அடியில் வைக்கும் முன், வாக்கி-டாக்கியில் சேனலைப் பொதுவுக்கு மாற்றினார்.

"எல்லாரும் கேளுங்க. நான் கிரேன்ல இருந்து பேசுறேன். காத்து இல்ல. எனக்கு நினைவு தப்பிருச்சு. இது அஞ்சாவது தடவை. சுமை தொங்குது, பிரேக் பிடிச்சிருக்கு. நான் லீவரைத் தொட மாட்டேன். அந்தப் பக்கத்துக் கிரேன்காரரை மேல அனுப்புங்க. அவர் வர்ற வரைக்கும் ஒருத்தரும் சுமைக்குக் கீழ வராதீங்க."

அப்புறம் யாரோ மெல்ல, "சரிண்ணே" என்றார்கள்.

இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று அந்த இன்னொரு ஓட்டுநர் ஏறி வர. அந்த இருபத்தைந்து நிமிஷமும் வசனக்காரர் நாக்கால் வாயைத் துழாவிக்கொண்டே, கை மேல் உட்கார்ந்திருந்தார். கை மரத்துப்போயிற்று. கண்ணாடிக்குக் கீழே மூன்று டன் ஆடிக்கொண்டே இருந்தது. வந்தவர் தோளைத் தொட்டு நகரச் சொல்லி, உட்கார்ந்து, சுமையைத் தரையில் இறக்கினார். அதற்குப் பிறகு, பின்னாலேயே ஏறி வந்த ஆட்கள் வசனக்காரரின் இடுப்பில் பெல்ட்டையும் கயிறையும் மாட்டி, ஒவ்வொரு மேடையிலும் உட்கார வைத்து, குழந்தையை இறக்குவது போல இறக்கினார்கள்.

கீழே கூட்டம் நின்றது. பாதுகாப்பு அதிகாரி ஒரு சின்ன வயதுப் பெண். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கையில் அட்டையும் படிவமும் வைத்திருந்தாள். நல்ல பெண், அவருக்கு ஒரு வழி விட்டே கேட்டாள்.

"ரேடியோவுல அஞ்சாவதுன்னு கேட்டுச்சு சார். பதட்டத்துல சொல்லியிருப்பீங்க. இதுதானே முதல் தடவை?"

மைத்துனன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, 'ஆமாம்னு சொல்லுங்க, சொல்லுங்க' என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

"இல்லம்மா. அஞ்சாவதுதான். உடம்புப் பரிசோதனைப் படிவத்துலயும் பொய் எழுதிக் கொடுத்திருக்கேன். அதையும் எழுதிக்கோங்க."

அவள் முகம் மாறிப்போயிற்று. அட்டையில் புதிதாக ஒரு தாளை வைத்தாள். அப்புறம், "தேதி ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருக்காதா? ராத்திரி பகலாக எண்ணிக்கொண்டிருந்த தேதிகள். பின்னாலிருந்து ஆரம்பித்தார். நான்காவது, மூன்றாவது, இரண்டாவது. முதல் தேதியைச் சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. அவள், "கேக்கல சார்" என்றாள். மறுபடி சொன்னார்.

கூட்டத்துக்குள்ளிருந்து கம்பிக்காரர் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஓடியதில் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அது நான் பொழைச்ச தேதி" என்றார்.

வசனக்காரர் தலையைத் தூக்கவில்லை.

"அண்ணே, என்னைப் பாருங்க. அது என் தேதிதானே?"

"ஆமா."

"காத்துன்னு சொன்னீங்க."

"காத்து இல்ல. நான்தான்."

கம்பிக்காரர் அடிப்பார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மைத்துனன் இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டான். வசனக்காரரும் அடி விழட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தார். அது விழுந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. கம்பிக்காரர் அடிக்கவில்லை. அவர் எதிரே தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"அதுக்கப்புறம் நாலு தடவை நினைவு தப்பியும் சொல்லாம சுமை தூக்கியிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை பக்கத்துல நின்னு கை கொடுத்துட்டு, திங்கக்கிழமை தலைக்கு மேல கொண்டுவந்திருக்கீங்க."

"ஆமா."

"என் பிள்ளைங்க ரெண்டும் தூங்கப் போறப்ப உங்களுக்காக ஜெபம் பண்ணுதுங்க. அப்பாவைக் காப்பாத்தின கிரேன் மாமா நல்லா இருக்கணும்னு. தினமும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்." அவர் குரல் உடைந்தது. "இன்னைக்கு வீட்டுக்குப் போய் என்ன சொல்லட்டும்? நிறுத்துங்கடான்னு சொல்லவா? நீங்களே சொல்லுங்க."

வசனக்காரர் கையிலிருந்த தண்ணீரை அவர் பக்கம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

கம்பிக்காரர் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேச ஆரம்பித்தபோது குரலில் கோபம் அடங்கியிருக்கவில்லை.

"என்னைக் குனிய வெச்சது அவர்தான்னு நான் இப்பவும் நம்புறேன். அதை உங்களுக்காக விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனா எதுக்குக் குனிய வெக்க வேண்டி வந்துச்சுன்னு நீங்க சொல்லல. சபைக்கு முன்னாடி பாதிச் சாட்சி சொல்லிட்டு, அத்தனை ஸ்தோத்திரத்தையும் வாங்கிட்டு உக்காந்தீங்க. ஞாயித்துக்கிழமை வந்து மீதியையும் சொல்லுங்க. இந்த அட்டையில எழுதுறதோட முடிஞ்சிரும்னு நினைக்காதீங்க. நான் முன் வரிசையில உக்காந்திருப்பேன். ரெண்டு பிள்ளைங்களும் இருப்பாங்க. அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும்."

"பிள்ளைங்க முன்னாடியா?"

"அவங்ககிட்டத்தானே ஜெபம் வாங்கியிருக்கீங்க."

வசனக்காரர் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சொல்றேன்" என்றார். கம்பிக்காரர் தலையை ஆட்டிவிட்டு, எழுந்து, யாரையும் பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். மேலே போட்டுவிட்டு வந்த வேலை பாக்கி இருந்தது.

அன்று புதன்கிழமை. ஞாயிறுக்கு இன்னும் நான்கு நாள். மூன்று டன் காலுக்குக் கீழே தொங்கியபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.